இருபத்தொரு நாள் ஜாடி

தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழையைப் பெறும் இடங்களுள் ஒன்றாகிய தேவாலாவுக்கு அண்மையில், ஆனி பிறந்தால் ஐப்பசி வரை வெயிலை விருந்தாளியாகவே காணும் நெல்லியாளத்தில், திராட்சைக் கொடி காலூன்றிப் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஈரத்தில் இலை பூஞ்சணம் பூத்து உதிரும். தப்பித் தவறிக் காய்த்த குலையும் பழுக்குமுன் வெடித்து அழுகும். தேயிலையும் காப்பியும் மிளகும் பலாவும் செழிக்கின்ற அந்த மண்ணுக்குத் திராட்சை மட்டும் ஒத்துவரவில்லை. ஆயினும், கார்த்திகை பிறந்தவுடன் அந்தப் பிராந்தியத்து வீடுகள் சிலவற்றின் சமையலறைப் பரணிலிருந்து ஒரு சீனா ஜாடி இறங்கும். கழுவி, துடைத்து, வெயில் கிடைத்த அன்று உலர்த்தி, அதற்குள் கறுத்த திராட்சையும் சர்க்கரையும் சேர்த்து வாய்க்குத் துணி கட்டி, அடுப்பங்கரை மூலையில் வைப்பார்கள். திராட்சை விளையாத ஊரில் திராட்சரசம் எவ்வாறு ஒரு கிருக சம்பிரதாயம் ஆயிற்று என்பதை ஆராயப் புகுந்தால், அது மதுவின் சரித்திரமாக மட்டும் நின்றுவிடாமல், மலைக்குப் பிழைக்க வந்தவர்களின் சரித்திரமாகவும், அதற்குள் மறைந்துகிடக்கும் சிக்கனத்தின் சரித்திரமாகவும் விரிகின்றது.

ஒயினைப் பற்றி எழுதும் மேனாட்டார் திராட்சைத் தோட்டத்தையும், மண்ணின் குணத்தையும், நிலவறையில் வருஷக்கணக்காக உறங்கும் பீப்பாய்களையும் வருணித்து மகிழ்வர். நெல்லியாளத்து ஜாடிக்குத் தோட்டமும் இல்லை, நிலவறையும் இல்லை. கணவனும் மனைவியும் விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கொழுந்து பறிக்கவோ, ஃபாக்டரிக்கோ, கடைக்கோ ஓடுகின்ற வீடு. அந்த வீட்டில் பணமும் குறைவு, பொழுதும் குறைவு. அத்தகைய வீட்டில் பிறந்த ஒயின் இது என்பதே அதன் விசேஷம்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நெல்லியாளம் இன்று நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி; ஆனால் உதகமண்டலத்தைக் கண்டவர்கள் அந்த நீலகிரியை மனத்திற்கொண்டு இங்கு வந்தால் ஏமாந்துபோவார்கள். சுமார் 3000 அடி உயரத்தில், வயநாட்டுப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரத்தில் கிடக்கும் இந்தப் பூமி, மலபார் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டு 1877-ஆம் வருஷத்தில்தான் நீலகிரியுடன் சேர்க்கப்பட்டது. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் ஆதியில் வாழ்ந்த காடு இது. வயநாட்டுச் செட்டிகள் நெல் விளைவித்த பள்ளத்தாக்குகள் இங்கே உள்ளன. கன்னடம் பேசும் லிங்காயத்துக் குடும்பம் ஒன்று ‘நெல்லியாளத்து அரசு’ என்ற பெயரால் ஜன்ம பாத்தியதையுடன் இங்கே வாழ்ந்துவந்தது. பிறகு காப்பித் துரைமார் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னே, 1879-க்கும் 1882-க்கும் இடையில், பாறைக்குள் பொன் இருக்கிறதென்ற செய்தி சீமையில் பரவ, 41 கம்பெனிகள் 50 லட்சம் பவுனுக்குக் குறையாத மூலதனத்தைக் காகிதத்தில் திரட்டிக்கொண்டு தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் படையெடுத்தன. எதிர்பார்த்த பொன் அகப்படவில்லை, சுரங்க வாய்கள் மட்டும் புதர் மூடிக் கிடக்கின்றன. அந்த மூன்று நான்கு வருஷங்களில் மாட்டு வண்டிகளில் மலையேறிய சீமைப் புட்டிகளுக்குக் கணக்கு வைத்தவர் யார்? ஆனால் அந்தப் புட்டிகளின் சரித்திரம் கம்பெனிகளோடு முடிந்துபோயிற்று. நாம் தேடுகின்ற ஜாடி வேறு வழியாக வந்தது.

மலைவாழ்நர் மதுவை அறியாதவர் அல்லர். தேனால் ஆக்கிய கள்ளை மூங்கிற் குழாயில் அடைத்து முற்றவைத்துப் பருகிய குறிஞ்சி மாக்களை மலைபடுகடாம் காட்டுகின்றது. யவனர் நற்கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமண மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தரப் பருகி வாழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அந்த யவனக் கலங்களின் உடைந்த ஓடுகளை 1945-இல் அரிக்கமேட்டில் வீலர் தோண்டியெடுத்தார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலனாகும். கடல் கடந்து வந்தது அரசனுக்கு. மூங்கிலில் விளைந்தது குடிமகனுக்கு. விலை கொடுத்து வாங்குவதற்கும் வீட்டில் விளைவிப்பதற்கும் இடையிலுள்ள அந்தக் கோடு இரண்டாயிரம் வருஷமாக அழியாமல் இருந்துவருகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதனை மது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதுவே வைத்தியர்களின் அரிஷ்டமும் ஆசவமும். கஷாயத்தையோ பழச்சாற்றையோ வெல்லத்துடனும் தேனுடனும் கலந்து, நுரைத்தெழும் பொருட்டுத் தாதகிப் பூவைச் சேர்த்து, ஜாடியில் மூடி, மாதக்கணக்கில் வைத்திருந்து வடித்தெடுப்பது அதன் முறை. திராட்சையிலிருந்து திராக்ஷாரிஷ்டமும், பத்து வேர்களிலிருந்து தசமூலாரிஷ்டமும் உண்டாகின்றன. பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியச் சோற்றுக்குப் பின் ஓர் அவுன்ஸ் தசமூலாரிஷ்டம் வார்ப்பது மலையாளத்தை ஒட்டிய பிரதேசங்களில் இன்றும் தவறாத வழக்கம். அந்த ஓர் அவுன்ஸுக்குள் தானாக விளைந்த சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இருக்கும் என்பதை வைத்தியரும் அறிவார், பாட்டியும் ஒருவாறு அறிவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நெல்லிக்காயையும் வெல்லத்தையும் அடுக்கடுக்காகப் பரப்பி நாற்பத்தொரு நாள் மூடிவைக்கும் நெல்லிக்காய் அரிஷ்டமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே நாவில் நெல்லி ஊறுகின்ற நெல்லியாளத்தில் அந்த ஜாடியைக் காண்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆக, பழமும் இனிப்பும் ஜாடியும் காத்திருத்தலும் என்ற நான்கும் இங்குள்ள அடுக்களைகளுக்குப் புதியன அல்ல. புதிதாக வந்தவை திராட்சையும் கிறிஸ்துமஸும் மட்டுமே.

இனி மேல்மலைக்குச் செல்வோம். 1819-இல் நீலகிரிக்கு ஏறிய கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன், உதகையில் கல்பங்களா எழுப்பியதோடு நில்லாமல், உருளைக்கிழங்கு முதல் ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி வரையிலான சீமைப் பயிர்களை இந்த மண்ணில் இட்டுப் பார்த்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பர்லியாறு, கல்லாறு, குன்னூர் என்று அரசாங்கப் பழத்தோட்டங்களை ஏற்படுத்தினார்கள். பிளம்ஸும் பேரியும் பீச்சும் ஒரே பருவத்தில் பழுத்து, ஒரே வாரத்தில் மரத்தடியில் கொட்டி, விற்றதுபோக மிஞ்சியது அழுகுவதற்குத் தயாராக நின்றபோது, சீமையில் கூஸ்பெரியையும் இஞ்சியையும் காட்டுப் பூக்களையும் கூட வீட்டில் ஒயினாக்கிப் பழகிய ஆங்கிலேய மாதர்களின் கைக்கு வேலை கிடைத்தது. ஜாம் ஒரு பாதி, ஒயின் ஒரு பாதி.

பெரிய துரைமார்களுக்கு இந்த வீட்டு ஒயின் தேவையில்லை. அவர்களுக்குப் போர்ச்சுகல் நாட்டுப் போர்ட்டும் பிரெஞ்சு நாட்டுக் கிளாரெட்டும் கப்பலில் வந்தன. பட்டாளத்துச் சிப்பாய்களுக்கோ மலையிலேயே பீர் காய்ச்சப்பட்டது. நீலகிரியில் காஸில் ப்ரூவரி தோன்றிய வருஷம் 1857. வேறு நான்கு காய்ச்சுசாலைகளுடன் அதனை இணைத்து 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் ஏற்படுத்தியதே பிற்காலத்தில் பெயர் பெற்ற யுனைடெட் ப்ரூவரீஸ். அதே 1857-இல்தான் பிரான்ஸ் தேசத்து லீல் நகரில் லூயி பாஸ்டர், பொருள்கள் புளிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்ற தமது ஆராய்ச்சியை வெளியிட்டார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். இதனை அறியாமலே பாட்டிமார்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாக ஜாடிக்கு வெளியே நின்று அந்த நுண்ணுயிர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இடைநிலையில் இருந்தவர்களே வீட்டு ஒயினைக் காப்பாற்றினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் ரயில் ஏறியது; அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது; வெலிங்டனில் பாசறை முன்பே இருந்தது. இவற்றில் டிரைவர்களாகவும் ஃபோர்மன்களாகவும் குமாஸ்தாக்களாகவும் அமர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார், துரையின் நாகரிகமும் குமாஸ்தாவின் சம்பளமும் ஒருங்கே வாய்த்தவர்கள். கிறிஸ்துமஸ் அன்று வருவோர்க்கு ஒரு கிண்ணம் ஒயின் கொடுக்காவிட்டால் மானம் போகும். கடையில் வாங்கினால் மாதச் சம்பளம் போகும். இந்தச் சங்கடத்துக்கு விடையாகவே திராட்சை ஒயினும், பிள்ளைகளுக்கென்று பெரும்பாலும் புளிக்கவிடாமல் காய்ச்சும் இஞ்சி ஒயினும், குல்குல், ரோஸ் குக்கி முதலிய பலகாரங்களும் ஒரே சமையலறையிலிருந்து வெளிவந்தன. சிக்கனம் என்பதை வறுமையின் அடையாளமாகக் கருதாமல் ஒரு கலையாகவே பயின்றவர்கள் அந்தக் குடும்பத்து மாதர்கள். பிற்காலத்தில் அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்கள். அவர்கள் வீட்டுச் சமையல்முறைகள் ஆயாக்களின் கையிலும் அண்டைவீட்டாரின் நோட்டுப் புத்தகங்களிலும் மலையில் தங்கிவிட்டன.

நெல்லியாளத்துக்கு ஒயின் இறங்கியது பெரும்பாலும் இந்த மேல்மலை வழியாக அன்று. தெற்கே திருவிதாங்கூரிலிருந்து ஏறிவந்தது என்பதே என் அபிப்பிராயம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அரிசிப் பஞ்சம் திருவிதாங்கூரை வாட்ட, நிலமில்லாத கிறிஸ்தவக் குடும்பங்கள் மண்வெட்டியும் மரவள்ளிக் குச்சியுமாக மலபாருக்கும் வயநாட்டுக்கும் குடிபெயர்ந்தன. அந்த அலை கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களிலும் வந்து மோதியது. மலைக்காய்ச்சலோடும் காட்டு யானையோடும் போராடிக் காடு திருத்தியவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பரணியும் இருந்தது. சீனாக்களிமண்ணில் செய்து, மேற்பாதி தவிட்டு நிறமும் கீழ்ப்பாதி வெள்ளையுமாக மெருகேற்றிய அந்தக் கலத்தை மலையாளத்தார் பரணி என்பர். நாம் ஜாடி என்கிறோம். புளியும் உப்பும் தின்னாத பாத்திரம் அது ஒன்றே.

அந்த ஜாடி ஒயினின் செய்முறையைச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்தச் சரித்திரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. திராட்சை மைசூர்ச் சாலை வழியாகக் கூடலூர்ச் சந்தைக்கு வருகின்ற கறுப்புத் திராட்சை. அல்லது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. பின்னதைத் தமிழகத்திற்கு 1832-ஆம் வருஷத்தில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. சந்தை கலையும் நேரத்தில், குலையிலிருந்து உதிர்ந்த பழத்தைக் கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். ஒயினுக்கு அது போதும், அதுவே நன்றும்கூட, நன்றாகப் பழுத்த பழமே உதிர்கிறது அல்லவா? ஒரு பங்கு பழத்துக்கு ஏறக்குறைய ஒரு பங்கு சர்க்கரை. காய்ச்சி ஆறவைத்த நீர். ஒரு பிடி கோதுமை. இரண்டு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு. பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட் ஒரு சிட்டிகை. பழத்தை மத்தால் மசித்து எல்லாவற்றையும் கூட்டி, ஜாடியின் கழுத்துக்குக் கீழே நாலு விரற்கடை இடம் விட்டு, வாய்க்கு மல்துணி கட்டுவார்கள். மூடியை இறுக்கி அடைக்கலாகாது. உள்ளே எழும் கரியமிலவாயு போக வழி வேண்டும். வழியில்லாத ஜாடி நடுநிசியில் வெடித்துச் சமையலறையைச் செந்நீராக்கிய கதை இல்லாத குடும்பமே அந்தப் பக்கத்தில் இல்லையென்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பால் இருபத்தொரு நாள். அந்த எண்ணுக்கு ரசாயன சாஸ்திரத்தில் ஆதாரம் தேடுவது வீண். மண்டலம், அரை மண்டலம் என்று நோன்பையும் மருந்தையும் நாட்கணக்கில் அளந்து பழகிய மனம் ஒயினையும் அவ்வாறே அளந்தது. ஆனால் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது. நெல்லியாளத்தின் மிதமான சூட்டில் மூன்று வாரத்துக்குள் ஈஸ்ட் தன்னால் இயன்ற சர்க்கரையைத் தின்று தீர்த்து, தானே உண்டாக்கிய சாராயச் சத்தில் தானே மயங்கி ஓய்ந்துவிடும். மிஞ்சிய சர்க்கரை இனிப்பாக நிற்கும். உதகையின் குளிரிலோ அதே ஜாடி சோம்பிக் கிடக்கும். ஆகையால் அங்கே கணப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நாள்தோறும் ஒருமுறை மரக்கரண்டியால் கிண்டிவிடவேண்டும். இல்லையேல் மேலே மிதக்கும் தோலும் சக்கையும் பூஞ்சணம் பிடித்துவிடும். இருபத்தொன்றாம் நாள் பிழிந்து வடித்து, தெளிவதற்கு மறுபடியும் சில வாரம் வைத்து, நிறம் போதாவிட்டால் சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்து, புட்டியில் அடைப்பார்கள். வடிக்கும் நாள் தவறினாலோ, காற்று அதிகம் பட்டாலோ அது காடியாகிவிடும். காடியும் வீணாவதில்லை, ஊறுகாய்க்கு ஆகும்.

“இதுக்குன்னு தனியா வேல ஒண்ணும் கெடையாது தம்பி. காலைல கொழுந்துக்குப் போறப்போ ஒரு கிண்டு. அவ்வளவுதான். மிச்ச வேலைய அதுவே பாத்துக்கும்” என்று, தோட்டத்தில் முப்பது வருஷத்துக்குமேல் உழைத்து ஓய்ந்த ஓர் அம்மாள் என்னிடம் சொன்னபோது, அந்த ஒரு வாக்கியத்தில் நான் பல புத்தகங்களில் தேடிய விளக்கம் அகப்பட்டது. தோசைமாவு அரைத்தாகவேண்டும், சோறு வடிக்க அருகில் நிற்கவேண்டும், முறுக்குப் பிழிந்தால் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. ஜாடியோ, ஆள் மலைச்சரிவில் இலை கிள்ளிக்கொண்டிருக்கும்போது தன்பாட்டுக்கு வீட்டில் பொங்கிக்கொண்டிருக்கும். பொழுதில்லாத பெற்றோருக்காகவே யாரோ திட்டமிட்டுக் கண்டுபிடித்த பண்டம் போல் இருக்கிறது அது. பிள்ளைகள் உறங்கிய பிறகு, மழையிரவில், கணவனும் மனைவியுமாக டம்ளரில் நாலு விரற்கடை வார்த்துக்கொண்டு உட்காருவார்கள் என்றும், மறுநாள் வேலை இருப்பதால் இரண்டாவது டம்ளர் கிடையாது என்றும் அந்த அம்மாள் சொன்னார். “ரெண்டாவது கேட்டா நான் ஜாடிய மூடிருவேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாளைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இங்கு வந்த கதை வேறு. 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த 5,25,000 தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அவர்களில் ஒரு பகுதியார் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்தும்பொருட்டு 1968-இல் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் திட்டமே பிறகு டான்டீ என்னும் கழகமாயிற்று. நெல்லியாளம், சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, பாண்டியாறு என்று அதன் தோட்டங்கள் விரிந்தன. லயன் என்னும் வரிசை வீடும், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவமும், பெயர் பதியும் பேர்ச்சிட்டும் கடல் கடந்து அவர்களுடனேயே வந்த சொற்கள். லயன் வீட்டு அடுக்களைக்கு ஜாடி வந்தது பெரும்பாலும் வேலிக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூர்க்காரர் வீட்டிலிருந்துதான். இரு வீட்டாரும் கிறிஸ்தவர்; கோயில் ஒன்று, மொழி வேறு, பண்டிகை ஒன்று. இந்து வீடுகளிலும் அபூர்வமாகக் கண்டிருக்கிறேன். அங்கே அதன் பெயர் ‘டானிக்’.

இனி ஆண்களின் குடியைப் பற்றிப் பேசாமல் இந்தச் சரித்திரத்தை முடிப்பது நேர்மையாகாது. தோட்டக் கூலி கைக்கு வரும் நாளில் சாராயக்கடை வாசலில் மனைவிமார் காத்து நின்ற காட்சி தென்னாட்டு மலைத்தோட்டங்கள் அனைத்துக்கும் பொது. குத்தகைக்காரனுக்கு லாபம், அரசாங்கத்துக்கு வரி, வீட்டுக்குப் பட்டினி என்ற அந்த ஏற்பாட்டை உடைக்கவேண்டுமென்றே ராஜாஜி 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுசெய்யவே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டும் இறுகி, 1981-இல் மறுபடி தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் தோன்றி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தலாயிற்று. மதுவிலக்கால் பெண்கள் பெற்ற நிம்மதியைக் கேலி செய்பவர் அந்த வீடுகளுக்குள் நுழையாதவர் என்றே சொல்வேன்.

ஆனால் சட்டத்துக்குச் சாராயக்கடையும் தெரியும், கள்ளச்சாராய அடுப்பும் தெரியும். ஜாடியின் குணம் தெரியாது. காய்ச்சி இறக்குவது வேறு, புளிக்கவைத்து வடிப்பது வேறு. முன்னதில் ஒரு பிசகு உயிரைக் குடிக்கும், பின்னதில் பிசகினால் காடி கிடைக்கும். இந்த வேறுபாட்டை 1937-ஆம் வருஷத்துச் சட்டம் பொருட்படுத்தவில்லை. லைசென்ஸ் இன்றி மதுவை உண்டாக்குவது எதுவாயினும் குற்றமே. தேவாலயத்தின் வழிபாட்டுக்குரிய திராட்சரசத்துக்கு இடம் விட்டார்கள். 1955-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் வைத்தியரின் அரிஷ்டத்தை மருந்தென்று தனியே வகைப்படுத்தியது. அடுக்களை ஜாடிக்கு மட்டும் எந்தப் பத்தியிலும் இடம் கிடைக்கவில்லை. பலிபீடத்தில் பரிசுத்தமானதும் வைத்தியசாலையில் மருந்தானதும் வீட்டு மூலையில் குற்றமாவது விசித்திரந்தான். இன்னொரு விசித்திரமும் உண்டு. தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்றால் பிராந்திக்கடை என்று பொருள். அங்கே போய் ஒயின் கேட்பவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இந்த ரகசியத்தைக் கெடுத்தது சட்டமன்று, சுற்றுலா. உதகையிலும் குன்னூரிலும் ‘ஹோம் மேட் ஒயின்’ என்ற சொல் சாக்லேட்டுடனும் வர்க்கியுடனும் தைலத்துடனும் சேர்ந்து மலையின் விற்பனைப் பண்டங்களில் ஒன்றாயிற்று. பிளம்ஸ், பேரி, தாட்பூட் பழம், பீட்ரூட், இஞ்சி என்று எத்தனையோ பெயரில் எத்தனையோ நிறத்தில் புட்டிகள் மேசைக்கு அடியிலிருந்து கைமாறின. அவ்வப்போது சோதனை நடக்கும், புட்டிகள் பறிமுதலாகும், பத்திரிகையில் நாலு வரி வரும். அந்தப் புட்டிகளில் சிலவற்றை நான் சுவைத்திருக்கிறேன். சர்க்கரைப் பாகில் நிறமும் எஸன்ஸும் கலந்த ஒன்றை ஒயின் என்று விற்ற துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அதனால் எனக்கு அன்று வந்த வயிற்றுக் கோளாறுக்கு யாரையும் குறை சொல்ல விரும்பவில்லை. விற்பனைக்கென்று வைத்த ஜாடியில் இருபத்தொரு நாள் ஏழு நாளாகச் சுருங்குகிறது. வீட்டு ஜாடியில் சுருக்கினால் குடிப்பவர் நாமே.

இதற்கிடையில் நந்தி மலையிலும் நாசிக்கிலும் திராட்சைத் தோட்டங்கள் பெருகி, 1990-களுக்குப் பின் நல்ல இந்திய ஒயின்கள் பட்டணத்துக் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. வேலைக்குப் போய்க் களைத்துவரும் இளம் தம்பதியர்க்கு மலிவாக எந்தப் புட்டி நல்லது என்று சொல்லித்தர இன்று அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ‘மலிவு’ கொழுந்துக் கூலியில் எத்தனை நாள் ஆகும் என்று நெல்லியாளத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்க அவசியமும் இல்லை. அங்கே ஒயினின் விலையில் பெரும்பங்கு சர்க்கரையின் விலை; யுத்தகாலத்தில் சர்க்கரை ரேஷனுக்குப் போனபோது வெல்லம் போட்டார்களாம், நிறம் கறுத்து வாசனை மாறி, அரிஷ்டத்துக்கும் ஒயினுக்கும் இருந்த கொஞ்சநஞ்ச வேறுபாடும் அவ்வருஷங்களில் அழிந்துபோயிற்றாம்.

இப்பொழுது ஜாடிகள் குறைந்துவருகின்றன. தேயிலைத் தோட்டத்து வேலையை நாடாத பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். வாடகை வீட்டில் ஜாடிக்கு மூலை இல்லை. இருபத்தொரு நாள் ஒரே வீட்டில் இருந்து கிண்டுவதற்கு ஆளும் இல்லை. அந்த அம்மாள் மட்டும் மழை விட்ட கார்த்திகையில் ஜாடியை இறக்கினார் என்று அறிந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து, கடைசிப் புட்டியும் காலியாகி, அடியில் தங்கிய வண்டலைக் கறிவேப்பிலைக் கன்றின் தூரில் கொட்டியபின், ஜாடி வெந்நீரில் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மாசி பிறந்தால் அதற்கு அடுத்த வேலை காத்திருக்கிறது: பக்கத்து வீட்டார் கண்ணிமாங்கா என்றும் நாம் மாவடு என்றும் சொல்கின்ற பிஞ்சுகள், கல்லுப்போடு சேர்ந்து, அதே ஜாடியில் இறங்கும்.